கிடா மட்டும் விழாம அடம்புடிச்சப்போ

ஏர்கன் சில்லவுட்னா கோழி, பன்னி மாதிரி உருவத்துல வெட்டின தகடுகளை காத்துத் துப்பாக்கியால சுடற போட்டி. அதுல கோழி 20 கெஜம் தூரம், பன்னி 30, வான்கோழி 36, கிடா 45 கெஜம், எல்லாமே நின்னுக்கிட்டே சுடணும், தகடு ஸ்டாண்டுல இருந்து விழுந்தாத்தான் பாயிண்ட். எனக்கு கோழி பன்னியெல்லாம் விழும், கிடாவுக்கு வந்தா மட்டும் பெல்லட் ஒண்ணு முதுகுக்கு மேல, ஒண்ணு காலுக்குக் கீழனு போகும். ஸ்கோப் (குறி பாக்கற தொலைநோக்கி) மேல கை வைக்கறதுக்கு முன்னாடி, துப்பாக்கியைக் கட்டையோட பிடிச்சிருக்கற ஸ்டாக் ஸ்க்ரூவைத் தொட்டுப் பாத்தேன், முன்பக்கம் ரெண்டும் லூஸ்! ஸ்ப்ரிங் கன்ல பிஸ்டன் ரெண்டு பக்கமும் உதைக்கிற உதைக்கு அது தானா கழண்டுக்கும். கன் காலியா இருக்கு, காக் ஆகலை, அதாவது ஸ்ப்ரிங் இழுத்து வச்சில்லைனு பாத்துட்டு கழட்டி, எண்ணெய் பிசுக்கை ஸ்பிரிட் வச்சு தொடச்சு, மரையில ஒரே ஒரு சொட்டு நீல த்ரெட்லாக்கர் (ஸ்க்ரூ தானா கழலாம பிடிச்சுக்கற பசை) விட்டு ராத்திரி முழுக்க காய விட்டேன். சிவப்பு வேணாம்ங்க, அப்புறம் கழட்டறதுக்குள்ள உயிர் போயிடும். முன்கட்டையையும் இறுக்கிப் பிடிக்காம உள்ளங்கையில சும்மா படுக்க வச்சு சுட்டேன், கிடா டங்குனு மல்லாந்துச்சு, அப்பா என்னா சத்தம்!