கிட்டார் ஆம்ப்: குமிழ்களைத் திருகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பழைய மண்டபம் ஒன்றில் பயிற்சி செய்யும் இளைஞர்களின் ஆம்பை, அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டியை, அண்மையில் பார்த்தேன். கெயின் பத்தில், பேஸ் (அடித்தொனி) ஒன்பதில், ட்ரெபிள் (உச்சத்தொனி) ஒன்பதில், மிட் (நடுத்தொனி) சுழியத்தில் நின்றன. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என் ஆம்பும் ஏறக்குறைய இப்படித்தான் நின்றது. சுருதி சேராத கம்பி, தளர்ந்த ஜாக் போன்றவற்றை எவரும் தாமே கண்டுகொள்வர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கெயினை ஒலியளவாக எண்ணுதல்

கெயின், ஆம்பின் முதற்கட்டத்தில் ஒலி எவ்வளவு பெருக்கப்படுகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. கூடத்துக்குள் எவ்வளவு ஒலிக்கும் என்பது மாஸ்டர் என்னும் ஒலியளவுக் குமிழின் வேலை. ஒலியலையின் முகடுகள் வெட்டுப்படத் தொடங்கிய பிறகு கெயினை ஏற்றினால் சத்தம் அதிகம் உயராது. மென்மையாக மீட்டியதும் அழுத்தி மீட்டியதும் ஒன்றுபோலக் கேட்கும், மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் உடன் எழும். ஆறு கம்பிகளையும் ஒருசேர மீட்டி, ஒவ்வொரு கம்பியும் தனித்துக் கேட்கும்வரை கெயினைக் குறைத்து வாருங்கள்.

மிட்டை வெட்டுதல்

என் காசைத் தின்ற தவறு இது. அப்போது நாங்கள் தோட்டத்து வரிசை வீட்டில் இருந்தோம். பலகைச் சுவருக்கு அப்பால், விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் அண்டை வீட்டார் உறங்குவர் என்பதால் மிகத் தாழ்வாகவே வாசிப்பேன். தாழ்ந்த ஒலியில் நம் செவி அடித்தொனியையும் உச்சத்தொனியையும் குறைவாகவே உணரும் என்பதை ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினர். நானோ அதை அறியாமல், பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி மிட்டை இரண்டுக்கு இறக்கி, கிடைத்த நாதத்தில் மயங்கிக் கிடந்தேன்.

உறவினர் திருமண விருந்தில் அதே அளவுகளுடன் மேடையேறினேன். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாமா பிறகு வந்து, "என்னடா, நீ வாசிச்சியா, இல்ல சும்மா புடிச்சிக்கிட்டு நின்னியா?" என்று கேட்டார். ஆம்புக்கு வலு போதவில்லை என்று முடிவுகட்டி, 15 வாட் ஆம்பை விற்று, சேமிப்பிலிருந்து 600 ரிங்கிட் சேர்த்து 30 வாட் ஆம்ப் வாங்கினேன். வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. செவிக்கு இருமடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வலு வேண்டும். அடுத்த நிகழ்ச்சியிலும் என் கிட்டார் கேட்கவில்லை.

காரணம் எளிது. பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸிலும் நம் கிட்டாரின் அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸிலும் தொடங்குகின்றன. அடித்தளத்தைப் பேஸ் கிட்டாரும் பெரிய டிரம்மும், உச்சத்தைச் சிம்பலும் பிடித்துக்கொள்ள, நமக்கு மிஞ்சுவது மிட் ஒன்றுதான். அதனையும் வெட்டிவிட்டால் மேடையில் நமக்கு இடமே இல்லை.

எல்லாவற்றையும் ஐந்தில் வைத்தால் சமநிலை என்பதும் தவறு. ஃபெண்டர் நிறுவன ஆம்பின் வகையைச் சேர்ந்த மின்சுற்றில் இந்த மூன்று தொனிக் குமிழ்களும் குறைக்க மட்டுமே வல்லவை. மூன்றும் ஐந்தில் நிற்கும்போதே மிட் பள்ளமாகத்தான் இருக்கும். 1962இல் மார்ஷல் நிறுவனம் தன் முதல் ஆம்பை ஃபெண்டரின் பேஸ்மேன் என்ற ஆம்பைப் பின்பற்றியே செய்தது; இன்றைய பல ஆம்புகளிலும் அச்சுற்றின் சாயல் உண்டு.

ஒரு பயிற்சியின்போது எங்கள் கீபோர்ட் கலைஞர், பேச்சின்றிக் குனிந்து என் மிட்டை ஏழுக்குத் திருகினார். கிட்டார் வெளியே வந்தது. பணம் போனதை மறந்துவிட்டேன். ஆனால், கடையில் என் குறையை முழுதும் கேட்டுத் தலையாட்டியவர் அந்தக் குமிழைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பெரிய ஆம்பைக் காட்டியது இன்றும் எரிச்சலூட்டுகிறது.

கணுக்காலருகே ஆம்பை வைத்து ட்ரெபிளை ஏற்றுதல்

உச்சத்தொனி ஸ்பீக்கரிலிருந்து நேர்கோட்டில் பாய்வதால், மேலே நிற்கும் நமக்கு மங்கலாகவும் முன்வரிசையினருக்குக் காதைக் கிழிப்பதாகவும் கேட்கும். ஆம்பை நாற்காலியில் ஏற்றுங்கள்.

பெடலிலும் ஆம்பிலும் உருமலை ஏற்றுதல்

கெயினை ஏற்றினால் எழும் கரகரப்பான உருமலைக் காலால் இயக்கும் பெடலும் தரும். இரண்டில் ஒன்று போதும்.

வீட்டு அளவுகளை மேடைக்குக் கொண்டுபோதல்

கொண்டுபோகாதீர்கள்.

மழையில் தொனி பார்த்தல்

சிமெண்டுத் தரையும் தகரக் கூரையும் கொண்ட மண்டபத்தில் அடித்தொனி முழங்கும். ஆகவே பேஸை மூன்று நான்குக்கு இறக்கி, வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கடைசி வரிசையில் நின்று கேளுங்கள். மாலை மழை கூரையில் இறங்கிவிட்டாலோ அதன் இரைச்சல் ட்ரெபிளை மூடிவிடும், கையும் தானாக அக்குமிழைத் தேடிப் போகும். மழை விடும்வரை தேநீர் குடியுங்கள்.