உறுமுகிறது, ஓடவில்லை: தண்ணீர் மோட்டாரில் நாம் செய்யும் தவறுகள்

மாடித்தொட்டி காலி. சுவிட்சைப் போட்டால் மோட்டாரிலிருந்து ‘உம்ம்’ என்று ஓர் உறுமல் மட்டும் வருகிறது, தண்ணீர் ஏறவில்லை. அணைத்துப் போடுகிறோம், மறுபடியும் அதே உறுமல். “கொஞ்சம் சூடேறினால் ஓடிவிடும்” என்று வீட்டில் ஒருவர் சொல்ல, அப்படியே விட்டுப் பார்க்கிறோம். சின்னச் செலவில் முடிய வேண்டிய பழுது, மோட்டாரின் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றித் தரும் ரிவைண்டிங் கடை வரை போவது இந்த ஓரிரு நிமிடங்களில்தான்.

சுழலாமல் நிற்கும் மோட்டார், ஓடும்போது எடுப்பதைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. அந்தச் சூட்டைத் தணிக்க வேண்டிய பின்பக்க விசிறியும் அதே ஷாஃப்டில், அதாவது சுழலும் தண்டில், இருப்பதால் அதுவும் சுற்றாது. உறுமல் கேட்டால் மூன்று எண்ணுவதற்குள் அணைத்துவிடுங்கள். மின்னோட்டம் மிகும்போது தானே இணைப்பைத் துண்டிக்கும் எம்சிபி அடிக்கடி விழுகிறதே என்று பெரிய எம்சிபியை மாட்டுவது காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்குவது போன்றது.

அடுத்த தவறு நானே செய்தது. கோடை விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பினால் எங்கள் மோட்டார் உறுமிக்கொண்டு நின்றது. மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர்தான் போய்விட்டது என்று முடிவுகட்டி, புதிதாக வாங்கி மாட்டினேன். பலனில்லை. பிறகு வந்த எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்தார், பின்மூடியைக் கழற்றினார், ஷாஃப்ட் முனையில் இருக்கும் காடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து இரண்டு பக்கமும் மெல்ல அசைத்தார். ‘கறக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பழைய கெபாசிட்டரில் ஒரு குறையும் இல்லை. பம்பின் வார்ப்பிரும்பு உறைக்கும், உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லருக்கும் இடைவெளி மிகக் குறைவு. சில வாரம் ஓடாமல் கிடந்தால் துருவும் உப்புநீரின் படிவும் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். கையால் சுற்றிப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

அசையவில்லை என்றால் சுத்தியலை எடுக்க வேண்டாம். ஷாஃப்ட் வளைந்தால் பேரிங்கும் சீலும் சேர்ந்து போகும். மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. அது நேராக நாம் குடிக்கும் தண்ணீரில்தான் கலக்கும். பம்பின் உறையைக் கழற்றிச் சுத்தம் செய்வதே முறை.

ஷாஃப்ட் லேசாகச் சுற்றுகிறது, ஆனாலும் மோட்டார் உறுமுகிறது என்றால் அப்போது கெபாசிட்டரைச் சந்தேகிக்கலாம். சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்று தானாகத் தெரியாது. இரண்டாவது காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) போகும் மின்னோட்டத்தைக் காலத்தால் சற்று விலக்கி, முதல் தள்ளலைக் கொடுப்பது கெபாசிட்டர். அது செத்துப்போனால் உறுமல்தான் மிச்சம். மின்சாரம் இருக்கும்போதே விசிறியைக் குச்சியால் தள்ளி ஓடவைக்கும் வித்தையைப் பலர் பெருமையோடு செய்கிறார்கள். மோட்டார் கிளம்பிவிட்டால் விசிறி நிமிடத்துக்கு 2,800 சுற்றை நெருங்கும்; பக்கத்தில் இருப்பது உங்கள் விரல்.

சுவிட்சை அணைத்தாலும் கெபாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கலாம். முனைகளை ஸ்க்ரூடிரைவரால் உரசித் தீப்பொறி பறக்கவிடாமல், ஹோல்டரில் மாட்டிய பழைய குண்டு பல்பின் இரு வயர்களையும் அவற்றில் தொட்டு இறக்குங்கள். புதியது வாங்கும்போது பழையதன் மேல் உள்ள மைக்ரோஃபாரட் எண்ணையும் வோல்ட் அளவையும் பாருங்கள். வோல்ட் கூடுதலாக இருக்கலாம், மைக்ரோஃபாரட் மாறக்கூடாது. மின்விசிறிக்கு வாங்கி வைத்த 2.5 மைக்ரோஃபாரட் மோட்டாரைக் கிளப்பாது. பெரிதாகப் போட்டால் தண்ணீர் வேகமாக ஏறும் என்பதும் கட்டுக்கதை, காயில்தான் சூடேறும்.

மின்னழுத்தத்தை மறந்துவிடுகிறோம். மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால், கிளம்பும் விசையில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் மிஞ்சும். மோட்டாரைப் போடாமல் அளந்து “230 இருக்கிறதே” என்பதில் பயனில்லை. எங்காவது தளர்ந்த இணைப்பு இருந்தால், மோட்டார் கிளம்ப முயலும் அந்த நொடியில்தான் வோல்ட்மீட்டரின் முள் சரியும். அந்த அளவை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

வயலில் த்ரீ பேஸ் மோட்டார் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே உறுமல் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது மூன்று ப்யூஸ்களில் ஒன்று போயிருக்கிறதா என்பதை.

ஷாஃப்ட் சுற்றுகிறது, கெபாசிட்டர் புதிது, வோல்டேஜும் சரி, அப்படியும் உறுமினால் டெர்மினல் பெட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கருகிய வார்னிஷ் வாடை அடித்தால் காயில் போய்விட்டது.