பரணிலிருந்து இறங்கும் ஆயில் ஹீட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லியில் மார்கழி நெருங்கும்போது, மயூர் விஹார் முதல் ஆர்.கே. புரம் வரை நம்மவர் வீடுகளில் அறையைச் சூடாக்கும் ஆயில் ஹீட்டர் பரணிலிருந்து இறங்குகிறது. பல மாதங்களாகப் படுக்கையாகக் கிடந்ததை இறக்கிய கையோடு பிளக்கில் செருகிவிடுவதுதான் அதற்கு நாம் இழைக்கும் பெரிய தீங்கு.

உள்ளே அடைபட்ட எண்ணெய் எரிவதில்லை. அடிப்பகுதியில் உள்ள மின்கம்பிச் சுருள் (காயில்) அதைச் சூடாக்க, சூடான எண்ணெய் மேலேறியும் ஆறியது கீழிறங்கியும் தகடுகளைக் காய்ச்சுகின்றன. ஹீட்டரைச் சாய்த்துவைத்தால் எண்ணெய் காயிலைவிட்டு ஒதுங்கிவிடும். அது திரும்ப வந்து சேருமுன் மின்சாரம் பாய்ந்தால் காயில் கருகிவிடும். எனவே நிமிர்த்தி, இரண்டு மணி நேரமாவது விட்டுவைத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். குளிர் முடிந்து எடுத்துவைக்கும்போது பரணில் உயரம் போதாவிட்டால், அலமாரிக்குப் பக்கத்தில் பழைய போர்வையைப் போர்த்தி நிற்கவைப்பதே மேல்.

முதல் நாள் எழும் கருகல் வாடை பெரும்பாலும் தகடுகளுக்கிடையே படிந்த தூசியினுடையது. அதற்காகக் குளியலறையில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. சுவிட்சும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் உள்ள பெட்டிக்குள் ஈரம் புகுந்துவிடும். பிளக்கைக் கழற்றி, ஒரு அங்குலப் பெயின்ட் பிரஷ்ஷை ஒவ்வொரு இடுக்கிலும் மேலிருந்து கீழாக இழுத்தால், சாம்பல் நிறத் தூசி பஞ்சுபோலத் திரண்டு வரும். பிறகு நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, முழுவதும் காயவிட்டால் போதும்.

எண்ணெயை மாற்றித் தருவதாக யாரேனும் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது மாற்றத் தேவையில்லாதபடி அடைக்கப்பட்டது. கசிவு தெரிந்தால் எம்சீல் ஒட்டிப் பார்க்காமல் அந்த ஹீட்டரை ஒதுக்கிவிட வேண்டும்.

2500 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 11 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். சென்ற தை மாதம் மாமியாரின் அறையில் நாங்கள் சாதாரண எக்ஸ்டென்ஷன் போர்டில் அதை ஓட்டினோம். காலையில் கழற்றும்போது போர்டின் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு துளை உருகிக் கோணியிருந்தது. அவர் உறங்கிக்கொண்டிருந்த கட்டில் அங்கிருந்து இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. அன்றிலிருந்து ஹீட்டர் ஓடிய அரைமணி நேரத்தில் அதை நிறுத்தி, பிளக்கைத் தொட்டுப் பார்க்கிறேன். கை பொறுக்காத சூடாக இருந்தால், எலக்ட்ரீஷியன் வந்து சாக்கெட்டைப் பார்க்கும்வரை மீண்டும் போடுவதில்லை.