டிரெய்லர் ஃபர்னஸ் பற்றாதபோது செய்யக்கூடாதவை

நள்ளிரவில் முகாம் டிரெய்லருக்குள் குளிர் ஏறும் நேரம் பார்த்து, எரிவாயுவில் எரிந்து அறையைச் சூடாக்கும் ஃபர்னஸ் முரண்டு பிடித்தால், கை உடனே ஸ்குரூடிரைவரைத் தேடும். அதற்குமுன் காதைக் கொடுங்கள். இந்தக் கருவி எப்போதும் ஒரே வரிசையில்தான் வேலை செய்யும். அறையின் வெப்பநிலையைப் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் ஆணையிட்டதும் விசிறி சுழலும். காற்று போதிய வேகம் பெற்றதும் செயில் சுவிட்ச் என்ற சிறு தகடு சாய்ந்து மின்சுற்றை இணைக்கும். சுடர் எரியும் பெட்டியான எரியறையில் தங்கிய வாயு வெளியேறச் சில விநாடிகள் கழியும். பிறகு எரிவாயு வால்வு ‘டக்’ என்று திறக்கும், பொறி தட்டும், சுடர் பிடிக்கும். எந்த ஒலி வரை வந்து நின்றது என்று கவனித்தாலே தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

இப்படிக் கேட்காமல் முதலிலேயே ஃபர்னஸை இயக்கும் மின்னணுப் பலகையை வாங்கி மாற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. நானும் செய்திருக்கிறேன். விசிறி சுழன்றது, பொறி வரவில்லை. பலகைதான் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். உண்மையில் பேட்டரி முனையில் பூத்திருந்த உப்புதான் காரணம். விசிறி ஓடாதபோது பேட்டரியை அளந்தால் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும், அது போதாது. விசிறி சுழலும்போதே, ஃபர்னஸின் இணைப்பு முனைகளில் அளக்க வேண்டும். அங்கே 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் விசிறி தளர்ந்து சுழலும், செயில் சுவிட்சின் தகடு சாயாது. வெளி மின்சாரத்தில் நன்றாக எரிந்து, பேட்டரியில் மட்டும் எரியாத ஃபர்னஸ் இதைத்தான் சொல்கிறது. மின்னழுத்தம் சரியாக இருந்தால் தகட்டில் தூசும் செல்லப்பிராணியின் முடியும் சிக்கியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

அந்தச் சுவிட்சை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து ஏமாற்றி ஓட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு அச்சமாக இருக்கிறது. அறைக்குச் சூடான காற்றைத் தள்ளுவதும் சுடருக்கு வேண்டிய காற்றைக் கொடுப்பதும் பெரும்பாலும் ஒரே மோட்டார்தான். அது தளர்ந்திருக்கும்போது எரியவிட்டால் எரிதல் அரைகுறையாகி, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உருவாகும். தூங்குகிறவருக்கு அது தெரியவே தெரியாது. மிகுவெப்பத்தில் சுடரை நிறுத்தும் லிமிட் சுவிட்சையும் அப்படியே விட்டுவிடுங்கள். அது அடிக்கடி துண்டித்தால், வெப்பம் வெளியேற வழியில்லை என்று பொருள். வெப்பத்தைச் சேமிக்கலாம் என்று காற்றுத் துவாரங்களை மூடியிருப்போம், திரும்பும் காற்றுக்கான சல்லடைமீது போர்வை கிடக்கும், அல்லது படுக்கைக்கு அடியில் குழாய் நசுங்கியிருக்கும்.

எரிவாயுப் பக்கத்தில் நடக்கும் பிழை வேறு வகை. ‘அடுப்பு எரிகிறதே, வாயு சரியாகத்தான் இருக்கிறது’ என்பார்கள். அடுப்பு குடிப்பதைப்போல் பல மடங்கு வாயுவை ஃபர்னஸ் குடிக்கும். ரெகுலேட்டர் சோர்ந்திருந்தாலும் அடுப்பு எரியும். கருவிகள் எரியும்போது வாயு அழுத்தம் ஏறக்குறைய 11 அங்குல நீர்மட்ட அளவில் (11 அங்குல உயர நீரைத் தாங்கும் அழுத்தத்தில்) நிற்க வேண்டும். சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறந்தால் மிகைப்பாய்வைத் தடுக்கும் பாதுகாப்பு விழுந்து வாயு மெலிந்துவிடும். மூடி, சற்றுப் பொறுத்து, மெதுவாகத் திறக்க வேண்டும். சிலிண்டர் மாற்றியபின் குழாயிலுள்ள காற்று வெளியேற அடுப்பைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு அணைத்துவிடுங்கள். பியூட்டேன் கலந்த வாயு உறைபனியில் கைவிட்டுவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பியூட்டேனோ பூஜ்யத்தை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும்.

நெடுநாள் நின்ற டிரெய்லரில் வெளிப்புகைக் குழாயைப் பார்க்காமல் ஃபர்னஸை ஏற்றக்கூடாது. குளவி மண்ணை வைத்து அடைத்திருக்கும்.

ஃபர்னஸ் கைவிட்ட இரவில் அடுப்பை ஏற்றிக் குளிர் காய்வதை மட்டும் செய்யாதீர்கள். கூடுதல் போர்வையும் இன்னொரு சட்டையும் போதும். வாயு மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் எல்லோரையும் வெளியே அழைத்துச்சென்று சிலிண்டரை மூடுங்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். கார்பன் மோனாக்சைடையும் வாயுக் கசிவையும் உணர்ந்து ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவிகளுக்கும் ஆயுள் உண்டு. பின்புறம் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். புகைக்குழாய் வாயில் கரி படிந்திருந்தாலோ, எரியறையில் விரிசல் கண்டாலோ அந்த ஃபர்னஸை மறுபடி ஏற்றாமல் தொழில்நுட்பரிடம் கொடுங்கள். விரிசல் விட்ட எரியறையை ஒட்டவோ வெல்டிங் செய்யவோ கூடாது, புதிதாகத்தான் மாற்ற வேண்டும்.