ரிங்லெட் வீட்டில் ஓதமும் குளிரும்: முதலில் தண்ணீரைத் துரத்துங்கள்

ரிங்லெட், தானா ராத்தா போன்ற மலேசியாவின் கேமரன் மலைத் தோட்டப்புறங்களில் டிசம்பர், ஜனவரி வந்தால் கம்பளியை இழுத்துப் போர்த்தியும் குளிர் விடாது. தானா ராத்தாவில் இரவு வெப்பநிலை 15 டிகிரி வாக்கில் நிற்கும். 1978 பிப்ரவரி 1 அன்று இந்த மலையில் பதிவான 7.8 டிகிரிதான் நாட்டிலேயே மிகக் குறைந்த அளவு. 15 டிகிரி உலர்ந்த குளிராக இருந்தால் ஒரு ஸ்வெட்டர் போதும். ஆனால் இங்கே அந்தக் கம்பளியே ஈரத்தைக் குடித்து நமுத்துக் கிடக்கிறது, அதனால்தான் குளிர் எலும்பு வரை போகிறது.

இணையத்தில் தேடினால், "அறையில் காற்று வறண்டுவிடும், ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள்" என்று எழுதியிருப்பார்கள். பனி பெய்யும் நாட்டுக்கு அது சரி. அங்கே மைனஸ் 5 டிகிரிக் காற்றின் ஒரு கன மீட்டரில் மூன்றரை கிராம் நீராவிகூட நிற்காது. அதை வீட்டுக்குள் 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நம் இரவுக் காற்றோ 15 டிகிரியில், 95 சதவீத ஈரத்தில், கன மீட்டருக்கு 12 கிராம் நீராவியைச் சுமந்து வருகிறது. அதே 20 டிகிரிக்குச் சூடாக்கினாலும் 70 சதவீதத்தில்தான் நிற்கும். நமக்கு வேண்டியது 50 முதல் 60 சதவீதம். 70க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அந்தக் குறிப்பை இங்கே பின்பற்றினால் அலமாரிக்குள் காளான் வளர்க்கலாம்.

முதலில், காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதத்தில் காட்டும் ஓர் ஈரமானி வாங்குங்கள். விலை மலிவானது 10 புள்ளி வரைகூடத் தப்பாகக் காட்டும், ஆனால் அதைச் சரிபார்க்க உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மானியையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் வைத்து மூடி, 12 மணி நேரம் கழித்துப் பாருங்கள். மானி 75 காட்ட வேண்டும். 81 காட்டினால், இனி எப்போதும் 6 கழித்துப் படியுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் நம்மிடமிருந்துதான். நான்கு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் மூச்சிலும் தோலிலுமாக ஒரு லிட்டருக்கு மேல் நீர் அறையில் சேர்கிறது. ஒரு சுமை துணியை வீட்டுக்குள் கொடியில் போட்டால், நன்றாகச் சுழற்றிப் பிழிந்த பிறகும் ஏறக்குறைய இரண்டு லிட்டர். பலர் கணக்கில் எடுக்காதது கேஸ். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் 1.6 கிலோ நீராவி வெளிவரும். 12 கிலோ தோங் (கேஸ் சிலிண்டர்) ஒன்று தீரும்போது 19 லிட்டர் தண்ணீரை வீட்டுக்குள் ஊற்றியிருப்பீர்கள். குளிர் காய அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நிற்பவர்கள் சுவரைத் தடவிப் பார்க்கட்டும்.

ஆகவே: துணியை மெஷினில் இரண்டாவது முறையும் சுழலவிட்டு, வெளித் தாழ்வாரத்தில் போடுங்கள். உள்ளேதான் போட வேண்டும் என்றால் ஒரே அறையில் போட்டு, கதவை மூடி, ஜன்னலைத் திறந்து மின்விசிறியை ஓடவிடுங்கள். சோற்றுப் பானையை மூடி வைத்தே வேகவிடுங்கள். சுடுநீரில் குளித்த பிறகு குளியலறைக் கதவைச் சாத்தி, வெளியேற்று விசிறியை 20 நிமிடம் ஓடவிடுங்கள். அந்த விசிறியின் குழாய் உண்மையில் வெளியே போகிறதா என்று ஏறிப் பாருங்கள். சீலிங்குக்குள்ளேயே ஊதிக்கொண்டிருக்கும் விசிறிகள் குறைவில்லை. அது ஈரத்தை விரட்டுவதில்லை, கூரை மரத்துக்கு அனுப்பிவைக்கிறது.

ஜன்னலைத் திறக்கும் நேரமும் முக்கியம். காலை 10 மணியிலிருந்து நண்பகல் வரை வெயில் ஏறியிருக்கும். அப்போது எதிரெதிர் ஜன்னல்களை 15 நிமிடம் முழுதாகத் திறந்துவிட்டு மூடுங்கள். பிற்பகலில் மழையும் மூட்டமும் இறங்கிய பின் திறந்து வைப்பதில் பயனில்லை. நாள் முழுக்க ஒரு விரற்கடை திறந்து வைப்பது அதைவிட மோசம்: ஈரம் முழுதாக வெளியேறாது, சுவர் மட்டும் குளிர்ந்துகொண்டே இருக்கும்.

கூரை ஒழுகுகிறதா, வியர்க்கிறதா?

விடியற்காலை நான்கு மணிக்குப் படுக்கையில் சொட்டு விழுந்தால் உடனே கூரைக்காரரைக் கூப்பிடாதீர்கள். மழை பெய்யாத, வானம் தெளிந்த இரவில் சொட்டுகிறதா? ஓரிடத்தில் இல்லாமல் மரச்சட்டம் நெடுக வரிசையாகச் சொட்டுகிறதா? அது ஒழுகல் அல்ல, தகரம் வியர்க்கிறது. 20 டிகிரி, 75 சதவீத ஈரமுள்ள அறைக் காற்று 15 டிகிரித் தகரத்தில் பட்ட மாத்திரத்தில் தண்ணீராகிவிடும். தெளிந்த இரவில் தகரம் வெளிக் காற்றைவிடவும் குளிர்ந்து கிடக்கும். மேலே தாரைப் பூசி எந்தப் பயனும் இல்லை.

இதற்கு சீலிங் வேண்டும். அதன்மேல் 50 மில்லிமீட்டர் கனத்தில் பாறைக் கம்பளிப் (ராக்வுல்) பாய் விரித்து, பாய்க்கும் தகரத்துக்கும் நடுவில் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். இரு முனைகளிலும் வலையடித்த துளைகள் இருக்கட்டும். பளபளக்கும் ஃபாயில் தாள் போடுகிறவர்கள் செய்யும் தவறு, அதைத் தகரத்தோடு ஒட்டி அடிப்பது. பளபளப்பான பக்கத்தில் 25 மில்லிமீட்டராவது காற்றிடைவெளி இல்லாவிட்டால் அது வெறும் உலோகத் தாள். குளிரைத் தடுக்காது, கடத்தும்.

சுவருக்கும் இதே சந்தேகம் வரும். ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் முன்பக்கம் நீர் கோர்த்தால் அறைக் காற்றின் ஈரம். பின்பக்கம் கோர்த்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அப்போது வெளியே போய் வடிகாலையும், சுவரோடு சாய்ந்து ஏறிய மண்ணையும், தண்ணீர்க் குழாயையும் பாருங்கள். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவர்தான் பெரும்பாலும் குற்றவாளி.

சூடாக்குவது, உலர்த்துவது

கரி அடுப்பை வீட்டுக்குள் வைத்துப் படுக்காதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, புகையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். சாம்பிராணிக்குப் போட்ட தணலையும் இரவில் வெளியே வைத்துவிடுங்கள்.

எண்ணெய் நிரப்பிய மின்சூடாக்கி பாதுகாப்பானது. 1500 வாட் கருவி நான்கு மணி நேரம் ஓடினால் 6 யூனிட் மின்சாரம். சிரிம் (SIRIM) தர முத்திரை பார்த்து வாங்கி, நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். நீட்டிப்பு வயரில் கெட்டிலோடு சேர்த்துச் செருகாதீர்கள். தோட்டத்து லயத்தின் பழைய வயரிங்கில் பிளக் சூடாகிறதென்றால் கருவியை நிறுத்திவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

இருந்தாலும், ஒன்றுதான் வாங்கப் பணம் இருக்கிறது என்றால், காற்றின் ஈரத்தை நீராக இழுக்கும் ஈரநீக்கியையே வாங்குங்கள். அது இழுக்கும் ஒவ்வொரு லிட்டர் நீரும் ஏறக்குறைய 0.68 யூனிட் வெப்பத்தை அறைக்கே திருப்பித் தருகிறது, ஓடும் மின்சாரமும் வெப்பமாகவே சேர்கிறது. வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அட்டைப் பெட்டியில் "நாளுக்கு 20 லிட்டர்" என்று போட்டிருப்பது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் அளந்தது, சமவெளியில் இருக்கும் கிள்ளான் வீட்டுக்குப் பொருந்தும். 18 டிகிரி அறையில் கம்ப்ரஸர் வகை அதில் பாதிக்கும் குறைவாகத் தரலாம், இன்னும் குளிர்ந்தால் சுருளில் பனி உறைந்து திணறும். மலைக்கு, ஈரமுறிஞ்சும் சக்கரம் வைத்த வகை நல்லது. மின்சாரம் கூடத்தான் இழுக்கும், ஆனால் குளிரிலும் வேலை செய்யும், வெதுவெதுப்பான காற்றையும் ஊதும். 55 சதவீதத்தில் வைத்து, ஜன்னல்களை மூடிவிட்டு ஓட்டுங்கள். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தட்டிக் கழுவுங்கள்.

மெத்தையைச் சிமெண்டுத் தரையில் போடாதீர்கள். ஒரே மாதத்தில் அடிப்பக்கம் கறுப்புப் புள்ளி விழும். பலகைச் சட்டம் வைத்து ஐந்து சென்டிமீட்டராவது தூக்குங்கள். அலமாரிக்கும் வெளிச்சுவருக்கும் நடுவிலும் நான்கு விரல் இடம் இருக்கட்டும்.

பிடித்த பூஞ்சணத்தைக் காய்ந்த தூரிகையால் தேய்த்தால் வித்து வீடெங்கும் பறக்கும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, ஈரத்துணியில் சோப்பு நீர் தொட்டுத் துடைத்து, உடனே காயவையுங்கள். ஓடு பதித்த குளியலறைக்கு ஐந்து லிட்டர் தண்ணீரில் ஒரு கப் பிளீச் போதும். பிளீச்சோடு வினிகரையோ கழிவறை ஆசிட்டையோ கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

பட்டுப் புடவையைக் கடைக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் பையிலேயே விட்டு வைக்காமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெயில் நாளில் எடுத்து, நிழலில் உதறி, மடிப்பை மாற்றி மடியுங்கள். அலமாரிக்குள் வைக்கும் கால்சியம் குளோரைடு டப்பா அரை லிட்டர்வரை ஈரம் இழுக்கும். மூடிய அலமாரிக்கு அது போதும், அறைக்கு ஒன்றும் செய்யாது. அதைப் புடவைத் தட்டில் வைக்காமல் அடித்தட்டில் நிமிர்த்தி வையுங்கள். கவிழ்ந்து அந்த நீர் சிந்தினால் கீல்கள் துருப்பிடிக்கும், தோல் செருப்பு சுருங்கிவிடும், துடைக்கத் துடைக்கப் பலகை ஈரமாகவே இருக்கும்.