கெர்னலில் ஷேர்டு மெமரி: வீடியோ திக்காமல் ஓடிய கதை

சிறிய போர்டுக்காகச் சுருக்கிக் கட்டிய லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி). திரையில் படம் காட்டும் எக்ஸ் சர்வர் எழுந்தது, விண்டோக்களும் வந்தன. வீடியோ மட்டும் திக்கித் திக்கி நகர்ந்தது. டெர்மினலில் ஒரு வரி: 'ஷம்கெட்: ஃபங்ஷன் நாட் இம்ப்ளிமென்டட்'. ஷேர்டு மெமரி, அதாவது நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகம், கேட்கும் அழைப்புதான் 'ஷம்கெட்'.

டிரைவரை மாற்றினேன், பலனில்லை. வண்ண ஆழத்தை 24-இலிருந்து 16-ஆகக் குறைத்தேன். கொஞ்சம் வேகம் கூடியது, அந்த வரி போகவில்லை.

நாட்களை விழுங்கியது, ஷேர்டு மெமரிக்கான /டெவ்/எஸ்எச்எம் அடைவுதான். அது மவுண்ட் ஆகியிருந்தது, எழுதவும் முடிந்தது. ஆக, ஷேர்டு மெமரி இருக்கிறது என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் அது போசிக்ஸ் என்ற தரத்தின் வகை. எம்ஐடி-எஸ்எச்எம் (ஷேர்டு மெமரி மூலம் படம் அனுப்பும் எக்ஸ் நீட்சி) வழியாக பிளேயர் கேட்டதோ பழைய யூனிக்ஸின் சிஸ்டம் ஃபைவ் வகை. அது கிடைக்காததால் ஒவ்வொரு ஃபிரேமும் (வீடியோவின் ஒவ்வொரு படமும்) நிரல்களுக்கிடையிலான சாக்கெட் இணைப்பு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. சிஸ்டம் ஃபைவ் ஷேர்டு மெமரி துண்டுகளைப் பட்டியலிடும் 'ஐபிசிஎஸ் -எம்' கட்டளையைக் கொடுத்ததும் கெர்னலில் அந்த வசதியே இல்லை என்று சொல்லிவிட்டது.

கெர்னல் வசதிகளைத் தேர்வுசெய்யும் மெனுகான்ஃபிக்கில் கிராபிக்ஸ் பகுதியில் தேடாதீர்கள். 'ஜெனரல் செட்டப்' கீழே 'சிஸ்டம் ஃபைவ் ஐபிசி' இருக்கும். மாட்யூலாக (தனியாக ஏற்றும் துண்டாக) வைக்க முடியாது, கெர்னலுக்குள்ளேயே சேர்க்கும் 'ஒய்' மட்டும்தான். கெர்னலைத் திரும்பக் கட்டி ரீபூட் செய்தேன். வீடியோ சீராக ஓடியது, அப்பாடா என்றிருந்தது. வண்ண ஆழத்தையும் 24-க்கே திருப்பினேன். சரிபார்க்க /ப்ராக்/சிஸ்விஐபிசி/எஸ்எச்எம் கோப்பைப் பாருங்கள்: 640×480 படம் ஓடும்போது 12,28,800 பைட் அளவில் ஒரு துண்டு, அதாவது பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஒரு முழு ஃபிரேம்.