ஊதா மூடி, சிவப்பு மூடி: நாய் பூனை இரத்தத்தை எங்கே சோதிப்பது?

27 வருடம் கொழும்பில் மனிதர்களின் இரத்தம் பார்த்து ஓய்வு பெற்ற எம்.எல்.டி., அதாவது மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் நான். இப்போது வெள்ளவத்தை வீட்டில் என்னோடு இருப்பது தெருவிலிருந்து வந்த வீரன் என்ற நாயும், சீனி என்ற பூனையும். எங்கள் ஒழுங்கையில் யாருடைய பிராணிக்கு இரத்தம் எடுத்தாலும் ரிப்போட் முதலில் என் வாட்ஸ்அப்புக்குத்தான் வரும். "அன்ரி, இங்க மெஷினிலயே பாக்கிறதா, வெளி லாப்புக்கு அனுப்பிறதா எண்டு டொக்டர் கேக்கிறார். என்ன சொல்ல?" ஒவ்வொருவருக்கும் குரல்பதிவு அனுப்பி அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

கேட்பவரிடம் நான் இரண்டு கேள்வி திருப்பிக் கேட்பேன். முடிவு எத்தனை மணிக்குள் கையில் வேண்டும்? அந்த இரத்தம் அதுவரை கெடாமல் கிடக்குமா? மிச்சமெல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வீரன் மீன்சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டான். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், முரசு வெளிறிக் கிடந்தது. முற்றத்தில் போன சிறுநீர் பிளேன்ரீ நிறம். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். கிளினிக்கில் ஊதா மூடி டியூபை மெஷினுக்குக் கொடுத்து நான் கைப்பையை மூடுவதற்குள் எஃப்.பி.சி. என்ற முழு இரத்தக் கணக்கு வந்துவிட்டது: பிளேட்லெட் 38,000, இரத்தத்தில் செங்குழியம் எத்தனை சதவீதம் என்று சொல்லும் ஹெச்.சி.டி. 19. நாய்க்கு ஹெச்.சி.டி. 37இலிருந்து 55 வரை இருக்க வேண்டும். பிளேட்லெட் ஒன்றரை, இரண்டு இலட்சத்துக்கு மேலே நிற்க வேண்டும். டெங்கு கண்ட ஊரில் இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

டொக்டர் அந்த எண்ணோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். வீரனின் காது ஓரத்தில் குத்தி ஒரு துளி எடுத்து, கண்ணாடித் துண்டில் இழுத்து, சாயம் போட்டு நுணுக்குக்காட்டியில் வைத்தார். காது, விரல்நுனி போன்ற ஓரங்களின் நுண்குழாய் இரத்தத்தில் ஒட்டுண்ணி அகப்படும் வாய்ப்புக் கூட. "அக்கா, நீங்களும் ஒருக்கா பாருங்கோ" என்று இடம் விட்டார். செங்குழியத்துக்குள்ளே மிகச் சின்ன மோதிரம், ஓரத்தில் ஊதாப் பொட்டு. மலேரியா பார்த்துப் பழகிய கண் எனக்கு. 2016இல் இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்த பிறகு அப்படியொரு மோதிரத்தை நான் கண்டதில்லை. இது மலேரியா இல்லை, உண்ணி பரப்பும் பபீசியா கிப்சோனி என்ற ஒட்டுண்ணி. நாங்கள் உண்ணிக்காய்ச்சல் என்று பொதுவாகச் சொல்கிறதில் ஒன்று.

மருந்து அன்றிரவே தொடங்கியது. தொடங்குவதற்கு முன் ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தை இன்னொரு ஊதா டியூபில் எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆருக்கென்று ஒதுக்கிவிட்டார். அது வெளியே போய், ஐந்தாம் நாள் முடிவு வந்து, கண்ணால் கண்டதை உறுதி செய்தது. ஐந்து நாள் வெறுமனே காத்திருந்தால் எனக்கு நாய் இருந்திருக்காது. அன்று கண்ணாடித் துண்டில் மோதிரம் அகப்படாமல் போயிருந்தால் பி.சி.ஆர். இல்லாமல் எங்களுக்கு விடையும் இருந்திருக்காது, ஏனென்றால் ஸ்மியரில், அதாவது கண்ணாடித் துண்டில் இழுத்த இரத்தத்தில், காணவில்லை என்பதால் ஒட்டுண்ணி இல்லை என்று ஆகாது. ஒரே நாயின் ஒரே நோய்க்கு இரண்டு இடமும் தேவைப்பட்டது. முதல் மருந்துக்கு முன்னரே பி.சி.ஆர். இரத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு எடுத்தால் இருக்கும் நோயும் இல்லையென்று வரலாம்.

ஆகவே கிளினிக் மெஷின் எதற்கு? இன்றைக்கே தீர்மானம் எடுக்க வேண்டியதற்கு. வலிப்பு, விடாத வாந்தி, மயக்கம், எலிமருந்துச் சந்தேகம், சத்திரசிகிச்சைக்கு மயக்கமருந்து கொடுக்க முன் பார்க்கும் ஈரல், சிறுநீரக அளவுகள். ஆண் பூனை மண்பெட்டிக்குள் ஏறி இறங்கி முக்குகிறது, சிறுநீர் வரவில்லை என்றால் அது மலச்சிக்கல் என்று வீட்டில் இருக்காதீர்கள். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கும் நிலை அது. அந்தப் பொட்டாசியத்தை நாளை மறுநாள் அறிந்து என்ன பயன்? குட்டிநாய்க்கு வரும் பார்வோ வைரஸ், உண்ணிநோய் எதிர்ப்பொருள் போன்றவற்றுக்குக் கர்ப்பச் சோதனை அட்டை மாதிரிக் கோடு விழும் கிட்கள் உண்டு. பத்து, பதினைந்து நிமிடம். ஆனால் இன்னொரு உண்ணிநோயான ஏர்லிக்கியாவின் கிட் பார்ப்பது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை. நோய் மாறி மாதக்கணக்கானாலும் கோடு விழும். அந்தக் கோட்டை மட்டும் பார்த்து ஆரோக்கியமான நாய்க்குத் திரும்பவும் ஒரு மாதம் மருந்து கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

வெளி லாப்புக்குப் போக வேண்டியவை பொறுத்திருக்கக் கூடியவையும், கிளினிக்கில் செய்ய முடியாதவையும்: பி.சி.ஆர்., கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர், கட்டியின் திசு, தைரொயிட்டின் விரிவான அளவுகள், நோய்க்குறியியலாளர் உட்கார்ந்து பார்த்து எழுதும் பிளட் பிக்சர். வெளிநாட்டுக்குக் குடிபெயரும் குடும்பங்களுக்கு இன்னொன்று. இலங்கையிலிருந்து பிரான்சுக்கோ ஜேர்மனிக்கோ நாய் பூனையைக் கொண்டுபோக, விசர்நாய்த் தடுப்பூசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பொருள் ஒரு மில்லிலீற்றருக்கு 0.5 ஐ.யு. (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் வர வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் போன பிறகுதான் பயணம். இந்தக் கணக்கை விமானச் சீட்டு வாங்கிய பிறகு கேட்டு என் முன்னால் அழுத பெண்ணும் உண்டு.

இனி என் பிழை. வேலையில் இருந்த காலத்தில், காசு மிச்சம் பிடிக்க, சீனியின் ஊதா டியூபைக் கைப்பையில் போட்டுக்கொண்டுபோய் நாங்கள் மனிதருக்குப் பாவித்த மெஷினிலேயே ஓட்டினேன். பிளேட்லெட் 9 இலட்சம்! புற்றுநோயோ என்று மூன்று நாள் நித்திரை இல்லை. மனிதச் செங்குழியம் 80இலிருந்து 100 ஃபெம்டோலீற்றர் பருமன். நாயினுடையது ஏறக்குறைய 60 முதல் 77. பூனையினுடையது 39 முதல் 55 வரைதான். பூனையின் பிளேட்லெட்டோ ஊதிப் பெருத்தது. மனிதனுக்கு அளவெடுத்த சல்லடையில் இரண்டும் கலந்து விழுகின்றன. மிருக வைத்தியர் சிரித்துக்கொண்டே ஸ்மியரை எண்ணிக் காட்டினார், பூனைக்கு ஒன்றுமில்லை. இத்தனை வருடம் படித்த நான் செய்த முட்டாள்தனம் அது. அதனால் வெளி லாப் என்றால் முதலில் கேளுங்கள்: மிருகங்களுக்கான அமைப்பு அந்த மெஷினில் உண்டா? ரிப்போட்டில் அச்சாகும் சாதாரண அளவு நாயினுடையதா, மனிதனுடையதா? கிளினிக் மெஷினிலும் இந்தப் பிழை நடக்கும். சீனியின் டியூபுக்கு "நாய்" என்ற பொத்தானை அமர்த்திய பிள்ளையை எட்டிப் பார்த்துத் தடுத்திருக்கிறேன்.

பூனை இரத்தத்தில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும் குணம் உண்டு. மெஷின் அவற்றை எண்ணாமல் விட்டு 40,000 என்று பயமுறுத்தும். எந்த மெஷின் குறைவு என்று சொன்னாலும் "ஸ்மியரில் பாத்தீங்களா டொக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு வில்லையில் ஒரு பார்வைப்பரப்புக்கு ஒரு பிளேட்லெட் என்றால் ஏறக்குறைய 15,000. பத்து இடம் எண்ணிச் சராசரி எடுத்தால் போதும். ஐந்து நிமிட வேலைதான், நல்ல டொக்டர் கோபிக்கமாட்டார்.

டியூபைப் பற்றி. ஊதா மூடியில் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. இருக்கிறது, எஃப்.பி.சி.க்கும் பி.சி.ஆருக்கும் அதுதான். சிவப்பு அல்லது மஞ்சள் மூடியில் இரத்தம் உறைந்து, மேலே தெளியும் சீரம் ஈரல், சிறுநீரகம், ஹோமோன் பார்க்க. ஊதாவைக் கோடு வரை நிரப்பி, எட்டுத் தரம் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் செங்குழியம் உடையும். ஊதாவில் கூடிவிட்டது என்று சிவப்புக்குள் கொஞ்சம் ஊற்றியதை ஒரு தடவை கண்டேன். ஈ.டி.டி.ஏ.யில் இருக்கும் பொட்டாசியம் அதோடு போய், கல்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். ரிப்போட்டைப் பார்த்தால் நாய் செத்திருக்க வேண்டும். அது பக்கத்தில் வாலாட்டிக்கொண்டு நின்றது.

சிவப்பு டியூபை அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் சுழற்றிச் சீரத்தைப் பிரிக்க வேண்டும். அது வெளி லாப்புக்குப் போனாலும் கிளினிக்கிலேயே நடக்க வேண்டிய வேலை. பிரிக்காமல் கிடந்தால் குழியங்கள் உள்ளேயிருக்கும் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை. எங்கள் வெக்கையில் இன்னும் வேகம். எதிர்வீட்டு நாயின் டியூப் சனிக்கிழமை பின்னேரம் எடுத்து, ஞாயிறு, திங்கள் போயா விடுமுறை என்று பிரிக்காமலே கிடந்து, செவ்வாய் போனது. குளுக்கோஸ் ஆபத்தான அளவுக்குக் குறைவென்று வர, நித்திரையில் கிடந்த நாயை எழுப்பி வாயில் தேன் தடவினார்கள். நீண்ட விடுமுறைக்கு முதல்நாள் வெளி லாப்புக்கு இரத்தம் கொடுக்காதீர்கள். அவசரமில்லை என்றால் வாரநாள் காலை, எடுத்துச் செல்பவர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டு அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போங்கள்.

சில கிளினிக்குகளில் டியூபை உங்கள் கையிலேயே தந்து லாப்பில் கொடுக்கச் சொல்வார்கள். ஐஸ்பையைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, டியூப் நேராக நிற்க வையுங்கள். ஐஸ் நேரே படக்கூடாது. ஃப்ரீசரில் வைத்தால் செங்குழியம் முழுதும் வெடித்துவிடும். பெயர், இனம், வயது, எடுத்த நேரம் நான்கும் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பகல் ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டுக் காலி வீதி அடைக்க முன் கிளம்புங்கள்.

போக முன் வீட்டில் செய்வது கொஞ்சம்தான். வளர்ந்த நாய் பூனைக்கு 8 முதல் 12 மணி நேரம் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் வைக்கலாம். கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் சீரம் பால்போல் கலங்கி மெஷினைக் குழப்பும். சின்னக் குட்டிகளையும், இன்சுலின் போடும் பிராணிகளையும் டொக்டரைக் கேட்காமல் பட்டினி போடாதீர்கள். கொடுக்கும் மருந்துகளின் படத்தைக் கைபேசியில் எடுத்துப் போங்கள். சொறிக்குக் கொடுக்கும் பிரெட்னிசலோன் ஒன்றே போதும், நாயின் ஈரல் அளவுகளில் ஏ.எல்.பி. என்ற நொதி மளமளவென்று ஏறும்.

சீனியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். கூடைக்குள் அடைத்து, ஹோன் சத்தத்தில் தெஹிவளை வரை போய்ச் சேர்ந்ததும் எடுத்த குளுக்கோஸ் 268. பெயர் வைத்த நேரம் சரியில்லையோ, சீனி வருத்தம் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். மெஷின் பொய் சொல்லவில்லை. பயந்த பூனைக்கு அப்படி ஏறும். மிச்சச் சீரத்தை ஃபுருக்டோசமினுக்கென்று வெளியே அனுப்பினோம். அது கடந்த இரண்டு வாரமளவின் சராசரியைக் காட்டுவது, ஓட்டோப் பயணம் அதில் ஏறாது. முடிவு சாதாரணம். மிச்சச் சீரத்தைக் கொட்டாமல் குளிர்சாதனப்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள், இரண்டாம் தடவை குத்தத் தேவையில்லை.

காசு விஷயத்தில் ஒன்று கேட்டு வையுங்கள். சில கிளினிக் மெஷின்களில் பத்துப் பன்னிரண்டு சோதனைக்கான இரசாயனங்கள் ஒரே தட்டில் அடைபட்டு வரும், ஒரு தடவை பாவித்தால் எறிய வேண்டியது. சிறுநீரகத்துக்குப் பார்க்கும் "கிரியாட்டினின் மட்டும்" என்று கேட்டாலும் முழுத் தட்டின் விலைதான். ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி இரசாயன வில்லை போடும் மெஷின் என்றால் ஒன்றுக்கு மட்டும் கொடுக்கலாம். மெஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்கும் கொன்ட்ரோல் மாதிரியை எப்போது ஓட்டினீர்கள் என்றும் நான் கேட்பேன். முகம் சுளிப்பவர்கள் உண்டு.

அலகையும் பாருங்கள். கீழ்வீட்டுத் தங்கச்சி ஒரு இரவு பதறியடித்து வந்தாள், போன மாதம் 1.5 ஆக இருந்த கிரியாட்டினின் 140 ஆகிவிட்டதாம். முதல் லாப் மில்லிகிராமில் எழுதியது, இரண்டாவது மைக்குரோமோலில். 88.4ஆல் பிரித்தால் 1.58. அலகு ஒன்றாக இருந்தாலும் இரண்டு மெஷினின் எண்களை வரிசையாக வைத்து ஏறியது இறங்கியது என்று சொல்ல முடியாது. நாட்பட்ட நோய்க்கு ஒரே இடத்தில் பாருங்கள்.

வீரனின் ரிப்போட்டுகளை ஒரு நீல ஃபைலில் திகதி வாரியாக வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றின் மூலையிலும் எந்த மெஷின் என்று பென்சிலால் குறித்து. கடைசி ஹெச்.சி.டி. 41. அடுத்தது வருகிற செவ்வாய் காலை எட்டு மணிக்கு. திங்கள் இரவு எட்டுக்குப் பிறகு யாரும் அவனுக்குப் பிஸ்கட் போட வேண்டாம் என்று கீழ்வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.